நடைமேடைத் தகவல், வண்டி நேரம், மின்சாரம்: நெல்லைச் சீமைப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி சந்திப்பிலும், அங்கிருந்து பிரியும் தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில், வாஞ்சி மணியாச்சிப் பாதைகளிலும் வண்டி ஏறுகிறவர்கள், நிலைய ஊழியர்கள், பயணிகள் சங்கத்தார் ஆகியோரின் கேள்விகள் இங்கே. வண்டி தாமதமாவதற்குச் சிக்னல் கோளாறு, தண்டவாள வேலை, முன்னால் போகும் வண்டி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றைச் சரிசெய்யப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். நடைமேடையில் போகும் நிமிடத்தை மிச்சப்படுத்தச் சரியான தகவல் சரியான நேரத்தில் கிடைத்தாலே போதும்.

அறிவிப்புப் பலகைக்கும் வண்டி நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சிக்னல் கிடைத்தவுடன் வண்டி நகர்ந்துவிடாது. கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு, அதாவது 2022 முதல் 'ட்ரெயின் மேனேஜர்' என்று பதவிப்பெயர் பெற்றவர், நடைமேடையைப் பார்த்துப் பச்சைக்கொடி காட்ட வேண்டும். பெட்டியைத் தேடி ஆட்கள் பையும் பிள்ளையுமாக ஓடிக்கொண்டிருந்தால் அவர் கொடியை உயர்த்த மாட்டார், உயர்த்தவும் கூடாது. ஆக, வண்டி எப்போது கிளம்பும் என்பதைத் தீர்மானிப்பது கடைசியாக ஏறும் ஆள். அவர் தன் பெட்டி நிற்கும் இடத்துக்கு முன்பே வந்து நின்றிருந்தால் வண்டி நேரத்துக்குக் கிளம்பும். அவர் அங்கே நிற்க வேண்டுமென்றால் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இடம் முன்பே தெரிந்தால் எத்தனை விநாடி மிஞ்சும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்.எச்.பி. எனும் புதிய வகைப் பெட்டி ஒன்று 24 மீட்டர் நீளம். 22 பெட்டி வண்டி, எஞ்சினையும் சேர்த்தால் சுமார் 550 மீட்டர். பையோடு நடப்பவர் ஒரு விநாடிக்கு ஒரு மீட்டர் போவார். நிற்கும் நேரம் 2 நிமிடம் என்றால், முழு நேரமும் நடந்தாலும் 120 மீட்டர்தான், அதாவது 5 பெட்டி. ஏறுவதற்கே ஒரு நிமிடம் வேண்டும் என்பதால் உண்மையில் அவரால் கடக்க முடிந்தது இரண்டரைப் பெட்டி. கோவில்பட்டி, அம்பாசமுத்திரம் போன்ற நிலையங்களில் பல வண்டிகள் ஓரிரு நிமிடமே நிற்கின்றன. அங்கே நடைமேடையின் நடுவில் நின்றுகொண்டு, 'வண்டி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவருக்கு எஸ் 1 (ஸ்லீப்பர்) முன்முனையிலும் பி 4 (ஏசி) பின்முனையிலும் இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் நேரம் போதாது.

அடுத்தது வாசல் கணக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் நடைமேடைப் பக்கம் இரண்டே வாசல். இறங்குகிறவர்கள் முடித்தபின்தான் ஏறுகிறவர்கள். பெட்டித் தளம் நடைமேடையைவிட உயரம் என்பதால் மூட்டையோடு ஒருவர் ஏற இரண்டரை விநாடி ஆகும் என்று வையுங்கள். ஒரு வாசலில் 15 பேர் இறங்கி 20 பேர் ஏறினால் 88 விநாடி. 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்து வாசல் காலியாக இருக்க, இதே வாசலில் 40 பேர் ஏறினால் 138 விநாடி. மொத்தக் கூட்டம் கூடவில்லை, ஒரே இடத்தில் குவிந்தது, அவ்வளவுதான். அதனாலேயே வண்டி தாமதம்.

ஒரு நிமிடம் தாமதமானால் என்ன குடி முழுகிவிடும்?

இரட்டைப் பாதையில் பெரும்பாலும் அதோடு போகும். நெல்லை–தென்காசி, நெல்லை–திருச்செந்தூர் இரண்டும் ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் லூப், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை, உள்ள நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். சேரன்மகாதேவியில் கிராசிங் என்று வையுங்கள். தென்காசியிலிருந்து வரும் வண்டி கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் ஒவ்வொரு நிமிடம் கூடுதலாக நின்றால், சேரன்மகாதேவியில் எதிர் வண்டி 2 நிமிடம் சும்மா நிற்கும். அந்த வண்டி அடுத்த கிராசிங்கில் இன்னொன்றை நிறுத்தும். காலையில் ஒரு நிலையத்தில் பெட்டி தேடி ஓடியவர்களின் நிமிடம், அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது வண்டியில் ஏறியவரைப் போய்ச் சேருகிறது.

இன்னொன்றும் உண்டு. வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதைப் பொதுவாகக் கடைசி நிலையத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். கால அட்டவணையில் கடைசிப் பகுதிக்குக் கூடுதல் நேரம் வைத்திருப்பதால் இடையில் போன நிமிடங்கள் கணக்கில் தெரிவதே இல்லை. கடையநல்லூர்க்காரரோ ஸ்ரீவைகுண்டத்துக்காரரோ வழியில் காத்துக்கிடந்தது எந்த எண்ணிலும் வராது. இடைநிலையங்களுக்கும் தனியாகக் கணக்கு வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மின்சாரம் இதில் எங்கே வருகிறது?

இரண்டு இடத்தில். முதலாவது, இழந்த நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓட்டுவது. வாஞ்சி மணியாச்சிக்கும் நெல்லைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை 110 கி.மீ. வேகத்தில் கடக்க 16 நிமிடம் 22 விநாடி, 100 கி.மீ. வேகத்தில் சரியாக 18 நிமிடம். வித்தியாசம் 98 விநாடி. நடைமேடையில் ஒன்றரை நிமிடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால், லோகோ பைலட், அதாவது எஞ்சின் ஓட்டுநர், 10 கி.மீ. வேகம் குறைத்தே நேரத்துக்கு வந்து சேரலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால் 100-இலிருந்து 110-க்குப் போனால் அது 21 சதவீதம் அதிகம். சுமார் 1,100 டன் எடையுள்ள ஒரு விரைவு வண்டியை 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் இயக்க ஆற்றல் 118 யூனிட். 110-க்கு 143 யூனிட். இடையிலுள்ள 25 யூனிட்டும் அடுத்த நிறுத்தத்தில் பெரும்பாலும் பிரேக் சூடாகிப் போய்விடும்.

இரண்டாவது இடம்தான் பெரிது: தேவையில்லாத நிறுத்தம். முன்னால் நிற்கும் வண்டி நடைமேடையைக் காலிசெய்யாததால் பின்வரும் வண்டி வெளிச்சிக்னலில் நிற்கிறது. மறுபடி 110-க்கு வர அந்த 143 யூனிட்டோடு மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பையும் சேர்த்து 160 யூனிட்டுக்கு மேல் மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து இழுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். ஒரே ஒரு வீண் நிறுத்தம் அதைவிட அதிகம் தின்கிறது. நிற்காமல் 50 கி.மீ. வேகத்தில் நகர்ந்துகொண்டே சிக்னலைப் பிடித்துவிட்டால் சுமார் 30 யூனிட் ஆற்றல் கையிலேயே இருக்கும், பிரேக் கட்டையும் தேயாது.

இதோடு ஏசி, விளக்குச் செலவும் உண்டு. எஞ்சின் வழியாகவே பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் வண்டிகளில், நின்றாலும் அந்தச் செலவு நிற்காது. டீசல் ஜெனரேட்டர் பெட்டி வைத்த வண்டி என்றால் நிற்கும் நேரமெல்லாம் டீசல் எரியும்.

பிரேக் போடும்போது மின்சாரம் திரும்பக் கிடைக்கிறது என்கிறார்களே?

கிடைக்கிறது, முழுதாக அல்ல. டபிள்யூ.ஏ.பி. 7 போன்ற மூன்று பேஸ் எஞ்சின்கள் பிரேக் போடும்போது மின்சாரத்தை 25 கிலோவோல்ட் கம்பிக்கே திருப்பி அனுப்பும். ஆனால் அந்த வேலையைச் செய்வது எஞ்சினின் ஆறு அச்சுகள் மட்டும். பின்னாலுள்ள 20 பெட்டியும் காற்று பிரேக்கில்தான் நிற்கின்றன. அந்த ஆற்றல் வெப்பமாகிவிடும். லோகோ பைலட் நிதானமாக, முன்கூட்டியே வேகம் குறைத்தால் எஞ்சின் பங்கு கூடும். தாமதமாக வருகிறவர் கடைசிவரை வேகத்தில் வந்து காற்று பிரேக்கை அழுத்தித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். வந்தே பாரத்தில் மோட்டார்கள் பல பெட்டிகளில் பரவியிருப்பதால் அதிகம் மீளும். 2023 செப்டம்பரிலிருந்து நெல்லை–சென்னை எழும்பூர் தடத்தில் அது ஓடுகிறது.

பெட்டி எண் காட்டும் பலகை இருக்கிறதே, பிறகும் ஏன் ஓடுகிறார்கள்?

பலகை காட்டுவது தவறாக இருப்பதாலோ, சரியானதைத் தாமதமாகக் காட்டுவதாலோதான். முக்கியமான கோளாறுகள் இவை.

பெட்டி நீளம். பழைய ஐ.சி.எஃப். பெட்டி சுமார் 22.3 மீட்டர், எல்.எச்.பி. 24 மீட்டர். பலகைக் கம்பங்களை ஐ.சி.எஃப். அளவுக்கு நட்டுவிட்டு அதே நடைமேடையில் எல்.எச்.பி. வண்டியை நிறுத்தினால், பெட்டிக்கு 1.7 மீட்டர் வீதம் தள்ளிப்போகும். 20-ஆவது பெட்டியில் பிழை 34 மீட்டர்; ஒன்றரைப் பெட்டி. முன்பகுதியில் சரியாகத் தெரியும் பலகை பின்பகுதியில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். கம்பத்தை இடம் மாற்ற முடியாவிட்டால், பின்பகுதிப் பலகைகளில் வண்டி வகைக்கேற்ப எண்ணை ஒரு பெட்டி நகர்த்திக் காட்டும்படி கணினியில் அமைக்கலாம்.

எஞ்சின் நிற்கும் இடம். பலகைகள் சரியாக இருந்தாலும் லோகோ பைலட் 20 மீட்டர் முன்தள்ளி நிறுத்தினால் எல்லாம் ஒரு பெட்டி பிசகும். 'இத்தனை பெட்டி வண்டி இங்கே நிற்கவும்' என்ற நிறுத்தப் பலகை, ஓட்டுநர் கண்ணில் படும்படி பாதையோரம் இருக்க வேண்டும்.

தலைகீழ் வரிசை. எஞ்சின் மறுமுனைக்கு மாறும் சந்திப்புகளைக் கடந்து வரும் வண்டிக்கு, புறப்பட்ட ஊரில் முதலாவதாக இருந்த பெட்டி இங்கே கடைசி. பதிவில் 'திசை மாற்றம்' குறிக்கப்படாவிட்டால் பலகை முழுவதும் கண்ணாடிப் பிம்பம்போல் எதிராகக் காட்டும். இது நேர்ந்தால் நடைமேடையின் இரு பாதிக் கூட்டமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். பலகையே இல்லாத நிலையத்தில்கூட இவ்வளவு நேரம் போகாது. தவறான தகவல் தகவலின்மையைவிட மோசம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

கூடுதல் பெட்டி. தீபாவளி, பொங்கல் நாட்களில் ஒன்றிரண்டு பெட்டி சேர்க்கிறார்கள். நடுவில் சேர்த்தால் அதற்குப் பின்னாலுள்ள எல்லா இடமும் மாறும். வண்டி கிளம்பும் நிலையத்தில் உறுதியான வரிசையை ஒருவர் நேரில் நடந்து பார்த்து, வழியிலுள்ள நிலையங்களுக்கு அனுப்புவதே மருந்து. முந்தைய நாள் வரிசையை அப்படியே விட்டுவைப்பதுதான் நோய்.

எப்போது, எப்படி அறிவிக்க வேண்டும்?

பெட்டி வரிசை, வண்டி வருவதற்கு 10 நிமிடம் முன்பே பலகையில் வந்துவிட வேண்டும். 550 மீட்டர் நடைமேடையை முழுதாக நடக்கவே 9 நிமிடம் ஆகும் என்பதால் இந்த அளவு. ஒலி அறிவிப்பு 10, 5, 2 நிமிடம் முன்பு என மூன்று முறை போதும். இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் காது பழகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மூன்று மொழியிலும் சொல்லி முடிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். அதனால் வரிசை முக்கியம். நம் பக்கத்தில் தமிழ் முதலில். வாக்கியத்தில் நடைமேடை எண்ணும் பெட்டி இருக்கும் பக்கமும் முதலில். 'மூன்றாவது நடைமேடை. நெல்லை எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பர் பெட்டிகள் மேம்பாலத்துக்கு வடக்கே, ஏசி பெட்டிகள் தெற்கே, ஜெனரல் பெட்டிகள் இரு முனையிலும்' என்று சொன்னால் ஆள் கால் எடுத்து வைத்துவிடுவார். வடக்கு தெற்கு எல்லாருக்கும் உடனே பிடிபடாது. மேம்பாலம், தண்ணீர்த் தொட்டி, டீக்கடை, படிக்கட்டு என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளம் சொல்வது இன்னும் நல்லது. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கி வண்டி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது.

ஒலிபெருக்கியில் சத்தம் கூட்டுவது பதில் அல்ல. கூரைக்கடியில் எதிரொலித்து வார்த்தை கலங்கும். சிறிய ஒலிபெருக்கிகளை நெருக்கமாக வைத்து, சுற்றுச் சத்தத்தைவிடச் சுமார் 10 டெசிபல் கூடுதலாக ஒலித்தால் வார்த்தை தெளிவாகக் கேட்கும். பக்கத்து நடைமேடை அறிவிப்போடு மோதாமல் ஒன்று முடிந்தபின் மற்றொன்று வர வேண்டும்.

நடைமேடையைக் கடைசி நேரத்தில் மாற்றினால்?

மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்ற வேண்டியே வந்தால், மேம்பாலம் ஏறி இறங்கி 200 மீட்டர் நடக்க முதியவர்களுக்கு 7, 8 நிமிடம் தேவை. அந்த அவகாசம் இல்லாமல் மாற்றினால் வண்டி நின்ற பிறகு அதே நிமிடங்களைக் கொடுத்தே ஆக வேண்டும், கூடவே தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் ஆபத்தும் வரும். மாற்றத்தை முடிவுசெய்யும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கும் அறிவிப்பு மேசைக்கும் நேரடித் தொலைபேசித் தொடர்பு இருந்து, முடிவெடுத்த அந்த நொடியே சொல்லிவிட வேண்டும்.

ஜெனரல் பெட்டிக் கூட்டத்தை எப்படிப் பிரிப்பது?

முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் இரு முனையிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். கூட்டமோ நுழைவாயிலுக்குப் பக்கத்து முனையிலேயே குவியும், தூரத்து முனை ஓரளவு காலியாக வரும். டிக்கெட் கவுன்டரிலேயே 'பின்முனையில் இரண்டு ஜெனரல் பெட்டி' என்று எழுதிய பலகை வைப்பது, அறிவிப்பில் அதைத் தனி வாக்கியமாகச் சொல்வது, நடைமேடையில் அந்த இடத்தை மஞ்சள் பட்டையால் காட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கூட்டம் பிரியும். முந்தைய நிலையத்திலிருந்து 'முன்பெட்டி நிறைந்துவிட்டது' என்று கார்டு வாக்கி டாக்கியில் சொல்லும் ஒரு வரியை அறிவிப்பு மேசைக்குக் கொண்டுபோகும் பழக்கமும் வந்தால், விலையுயர்ந்த கூட்டம் அளக்கும் கருவி இல்லாமலேயே அதே பலன்.

சூரசம்ஹாரம், குலசை தசரா, குற்றாலச் சீசன் நாட்களில்?

வழக்கமான பயணி அல்லாதவர்கள் வரும் நாட்கள் இவை. அவர்களுக்குப் பெட்டிக் குறியீடு தெரியாது, செயலி பழக்கமில்லை, குடும்பமாக வருவார்கள், ஒருவர் ஏறி மற்றவர் விடுபட்டால் சங்கிலியை இழுப்பார்கள். எனவே பலகையைவிட ஆள் தேவை. திருச்செந்தூரில் ஒவ்வொரு மூன்று பெட்டிக்கும் ஒரு தன்னார்வலர், கையில் பெட்டிக் குறியீடு எழுதிய அட்டையோடு, வண்டி வருவதற்கு 15 நிமிடம் முன்பே நிற்க வேண்டும். 'இறங்குகிறவர்கள் முதலில்' என்பதை அவர் வாசல் பக்கவாட்டில் நின்று சொல்ல வேண்டும். வாசலுக்கு நேரே நின்றால் அவரே தடை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகிறவர்கள் இறங்கும் அம்பாசமுத்திரத்திலும், சாரல் நாட்களில் தென்காசியிலும் இதே முறை பொருந்தும்.

சங்கிலி இழுத்தால் எவ்வளவு நேரம் போகும்?

இழுத்ததும் பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தத்தில் இருக்கும் காற்று வெளியேறும். எந்தப் பெட்டி என்று ஊழியர் நடந்து கண்டுபிடித்து, அதைப் பழைய நிலைக்குத் திருப்பி, குழாய் முழுவதும் மறுபடி அழுத்தம் ஏறிய பிறகே வண்டி நகரும். சில நிமிடமாவது ஆகும், நீளமான வண்டியில் இன்னும் கூடும். தகுந்த காரணமின்றி இழுப்பது 1989 ரயில்வே சட்டம் 141-ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் இந்த இழுப்புகளில் பலவும் நடந்திருக்காது. தண்டனையை மட்டும் நினைவூட்டும் சுவரொட்டி பாதி வேலைதான் செய்கிறது.

மின்பலகை இல்லாத சிறு நிலையத்தில் என்ன செய்யலாம்?

பெயின்ட் போதும். முதலில் நிறுத்தப் பலகையிலிருந்து எஞ்சினுக்கு 21 மீட்டர் விட்டு, அங்கிருந்து அளவு நாடாவால் 24 மீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு இடைவெளிக்கும் 1, 2, 3 என்று அரை மீட்டர் உயர எண். எண் தரையில் மட்டும் இருந்தால் கூட்டம் மறைத்துவிடும். தூணிலோ சுற்றுச்சுவரிலோ கண் உயரத்துக்கு மேல் இன்னொன்று வேண்டும். பிறகு டிக்கெட் கவுன்டர் அருகே ஒரு கரும்பலகை: வண்டியின் பெயர், எந்தப் பெட்டி எந்த எண்ணில். ஓரிரு வண்டிகள் நின்றபின் வாசல்கள் எண்ணோடு ஒத்துவருகின்றனவா என்று சரிபார்த்து, பிசகினால் கோட்டை அல்ல, நிறுத்தப் பலகையை நகர்த்துங்கள். நடைமேடை வண்டியைவிடக் குட்டையாக இருந்தால், எந்தப் பெட்டிகள் வெளியே நிற்கும் என்பதை இறங்குகிறவர்களுக்கு முந்தைய நிலையத்திலேயே சொல்ல வேண்டும்.

இவை எதையும் தண்டவாளத்தருகே ரயில்வே அனுமதியின்றிச் செய்யக் கூடாது. பயணிகள் சங்கம் ஸ்டேஷன் மாஸ்டர் வழியாக மதுரைக் கோட்டத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

மின்பலகைகளே மின்சாரம் தின்னாதா?

ஒரு பலகைக்கு 50 வாட் என்று தாராளமாக வைத்தாலும், 24 பலகை ஒரு மணி நேரம் எரிய 1.2 யூனிட். வீண் நிறுத்தம் ஒன்றைத் தவிர்த்தால் மிஞ்சுவது 130 மணி நேரத்துக்குப் போதும்.

கைபேசிச் செயலி போதாதா?

வண்டி எங்கே வருகிறது என்பதற்குச் செயலி நல்லது. எஞ்சின்களில் பொருத்தப்பட்ட ஆர்.டி.ஐ.எஸ். கருவி 30 விநாடிக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சொல்கிறது. 139 எண்ணிலும் விசாரிக்கலாம். ஆனால் பெட்டி உங்கள் நடைமேடையில் எந்தத் தூணருகே நிற்கும் என்பது அந்த நடைமேடைக்குத்தான் தெரியும். செயலி காட்டும் பெட்டி வரிசையில் எஞ்சின் எந்தப் பக்கம் என்பதைக் கவனியுங்கள்; வண்டி வரும் திசையை வைத்து நீங்களே பொருத்திப் பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படி?

ஜப்பானில் வாசல் நிற்கும் இடமே தரையில் குறிக்கப்பட்டிருக்கும், அங்கே வரிசையில் நிற்பார்கள். சுவிட்சர்லாந்தில் நடைமேடையை ஏ, பி, சி, டி என்று பகுதிகளாகப் பிரித்து, எந்த வகுப்பு எந்தப் பகுதியில் என்று பலகை காட்டும். நெதர்லாந்தின் டென் பாஸ் நிலையத்தில் 180 மீட்டர் நீள எல்இடி பட்டை ஒன்றை நடைமேடை நெடுகத் தொங்கவிட்டு, வாசல் எங்கே, எந்தப் பெட்டியில் இடமிருக்கிறது என்று காட்டிச் சோதித்தார்கள். சுவிஸ் ரயில்வே இன்னொரு படி மேலே போய், முன்னால் பாதை காலியில்லை என்றால் எந்த வேகத்தில் வந்தால் நிற்காமல் கடக்கலாம் என்று ஓட்டுநருக்கே ஆலோசனை அனுப்புகிறது. அந்த ஆலோசனை பலிக்க, முன்னால் நிற்கும் வண்டி நடைமேடையை எப்போது விடும் என்பது விநாடிக் கணக்கில் ஊகிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அது மறுபடியும் பயணிகள் சரியான இடத்தில் நிற்பதில்தான் வந்து முடிகிறது.

பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது?

ஒரு கைபேசிக் கடிகாரமும் நோட்டும் போதும். ஒரே வண்டிக்கு நான்கு நேரம் குறியுங்கள்: வண்டி நின்றது, கடைசி ஆள் இறங்கியது, கடைசி ஆள் ஏறியது, வண்டி நகர்ந்தது. அதோடு, வண்டி நின்றபின் இரண்டு பெட்டிக்கு மேல் நடந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தகவல் வேலை செய்கிறதா என்பதை இந்த எண்ணே முதலில் காட்டும். மாற்றத்துக்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம். வெள்ளி, ஞாயிறு மாலைகளைத் தனியாக வையுங்கள், அன்றைய கூட்டமே வேறு. கடைசி ஆள் ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் சிக்னல் சிவப்பா என்று பார்த்து எழுதுங்கள். அந்தத் தாமதம் நடைமேடையுடையது அல்ல. அந்த நாளைச் சராசரியில் சேர்த்தால் நல்ல மாற்றமும் பயனற்றதுபோல் தெரியும்.